நாய்க்குத் தீனும் எலும்பும்: நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

மூன்று வருடங்களுக்கு முன், மாரி மழை விடாமல் பெய்த ஒரு மார்கழியில், எங்கள் நாய் ராணி இரண்டு நாட்களாகத் தீனை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனாள். மட்டக்களப்புக் கல்லடியில் பாதி ஒழுங்கைகளில் வெள்ளம் நின்ற நேரம் அது. கடையில் திறந்த மூடையிலிருந்து அள்ளி நிறுத்துத் தந்த தீன். பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்து, மீன் ஆணம் ஊற்றிப் பிசைந்து வைத்தேன். ஆணத்தின் வாசத்துக்காகத் தின்றாள். அன்றிரவே வாந்தி தொடங்கிவிட்டது. மறுநாள் பையைக் கொட்டிப் பார்த்தால், அடியில் கிடந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தன. மிருக வைத்தியர் ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, நான்கு நாட்களில் தேற்றிவிட்டார்.

நாய்க்கு எந்தப் பிராண்ட் நல்லது, எந்த எலும்பு நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, நாம் வாங்குவது இந்தக் கடற்கரைக்கு, இந்த ஈரத்துக்கும் வெக்கைக்கும் ஏற்றதா என்பதுதான்.

உலர் தீனில் ஈரம் நூற்றுக்குப் பத்து அளவில்தான் இருக்கும். அந்த வறட்சிதான் அதைக் காப்பாற்றுகிறது. மாரி காலத்தில் மூடையைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும். தீனில் சோளம் அதிகம் இருந்தால் ஆபத்து இன்னும் கூட. அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சண வகை சோளத்திலும் கச்சானிலும் வளர்ந்து அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். நாய்களின் ஈரல் இந்த நஞ்சைத் தாங்காது. வெயிலில் காயவைத்தாலும் அவித்தாலும் அது போய்விடாது. சாப்பாட்டை ஒதுக்குவது, வாந்தி, சோர்வு, பிறகு பல் முரசும் கண் வெள்ளையும் மஞ்சளாவது, சிறுநீர் கடும் நிறமாவது எல்லாம் அதன் அறிகுறிகள். மஞ்சள் தெரியும் நேரத்தில் ஈரல் ஏற்கெனவே நன்றாகப் பழுதுபட்டிருக்கும்.

ஆகவே நிறுத்துத் தரும் தீனை வாங்காதீர்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பொலித்தீன் பைக்குள் காலாவதித் திகதி இல்லை, மூடை எப்போது திறக்கப்பட்டது என்ற கணக்கும் இல்லை. கையில் காசு குறைவு என்றால், மூடி ஒட்டிய சின்னப் பக்கற் ஒன்றை வாங்குவது மேல்.

பெரிய மூடை இலாபம் என்று நினைப்பதும் இங்கே கணக்குப் பிழைக்கும் இடம். 10 கிலோ எடையுள்ள, குட்டி போடாமல் அறுவை செய்த ஒரு வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 630 கிலோகலோரி போதும். 100 கிராம் தீனில் 350 முதல் 400 வரை இருக்கும். அப்படியென்றால் நாளுக்கு 170 கிராம் அளவு, மாதத்துக்கு 5 கிலோ. 20 கிலோ மூடை அந்த நாய்க்கு நான்கு மாதம் வரும். திறந்த தீனை ஒரு மாதத்தில், அதிகம் போனால் ஆறு வாரத்தில் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் கொழுப்புக் காறிப்போகும், விற்றமின்களும் குறையும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விலை ஏறிய ஏற்றத்தில், மலிவாக வருகிறதே என்று பெரிய மூடைக்கு மனம் போவது எனக்கும் விளங்குகிறது. வேண்டுமென்றால் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்கி, திறந்த அன்றே பிரித்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் விதத்திலும் ஒரு பிழை நடக்கிறது. தீனைப் பிளாஸ்டிக் வாளிக்குள் கொட்டி, முடிய முடியப் புதிய தீனை அதன் மேலேயே கொட்டுகிறோம். வாளியின் அடியில் ஒட்டிய பழைய எண்ணெய் புதியதையும் கெடுக்கும். பையோடு சேர்த்து, வாயை மடித்து, மூடியுள்ள வாளிக்குள் வையுங்கள். மழைக் காலத்தில் சீமெந்துத் தரையிலும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழும் வேண்டாம். அந்த வெக்கை மாதங்களில் உலர் தீன் தின்னும் நாய்க்குத் தண்ணீர்க் கோப்பை எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

பையின் முன்பக்கத்தை நம்பாதீர்கள்

முன்பக்கத்தில் கோழிக்கால் படம், கரட் படம், பளபளக்கும் மயிரோடு ஒரு நாய். வாங்க வேண்டுமா என்பதைச் சொல்வது பின்பக்கம். அங்கே முதலில் தேட வேண்டியது ‘கொம்ப்ளீட்’ என்ற சொல்லை. அந்தத் தீன் மட்டுமே போதும் என்று அதற்குப் பொருள். ‘கொம்ப்ளிமென்டரி’ என்றிருந்தால் அது வேறு சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுப்பதற்கானது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் பலர் தவறவிடுகிறார்கள். அடுத்தது, குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்ற குறிப்பு.

சேர்மானங்களை எடையின்படி, அதுவும் காய்ச்சுவதற்கு முன்னுள்ள எடையின்படி எழுதுவார்கள். பச்சைக் கோழி இறைச்சியில் எழுபது வீதம் தண்ணீர். அதனால் பட்டியலில் முதலாவதாக நின்றாலும், காய்ந்த பிறகு அதன் பங்கு சுருங்கிவிடும். ‘சிக்கன் மீல்’ என்பது ஏற்கெனவே தண்ணீர் போக்கிய தூள் என்பதால், அதே இடத்தில் நின்றால் அதில் புரதம் கூட. சோளம், சோளப் புரதம், அரிசித் தவிடு, கோதுமை என்று தானியத்தைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருந்தால் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பல பைகளில் அதுவே முதலிடத்துக்கு வந்துவிடும்.

அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த அளவின்படி, ஈரத்தைக் கழித்த கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 வீதம், குட்டிக்கு 22.5 வீதம் புரதம் வேண்டும். இந்த எண் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சோயாவும் சோளப் புரதமும் சேர்த்தே எண்ணை உயர்த்திவிடலாம்.

கல்சியம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம்மவர்கள் அன்பினாலேயே பிழை விடுகிறார்கள். கல்முனையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அல்சேசன் குட்டி ஒன்றை வளர்த்தார். நல்ல குட்டித்தீன் கொடுத்தார். அதோடு கல்சியம் சிரப், அதோடு எலும்பு சூப். “தம்பி, மருந்து குடுக்கக் குடுக்கக் கால் வளையுதே” என்று அழாத குறையாகக் கேட்டார்.

சின்னக் குட்டியின் குடலுக்குக் கூடுதல் கல்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. கொடுத்ததில் பெரும்பங்கை உடம்புக்குள் எடுத்துக்கொள்ளும். பெரிய இனக் குட்டிகளில் அது எலும்பும் மூட்டும் வளரும் ஒழுங்கையே குழப்பும். அதனால்தான் பெரிய இனக் குட்டிகளின் தீனுக்கு ஆஃப்கோ 1.8 வீதம் என்று மேலெல்லையும் வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், சோறும் இறைச்சியும் மட்டும் தின்னும் குட்டிக்குக் கல்சியம் குறைந்து பொஸ்பரஸ் கூடிவிடும். அதற்கும் கால் வளையும். இரண்டும் வெளியே ஒரே மாதிரித் தெரியும், மருந்தோ நேர்மாறு. சரியான குட்டித்தீன் கொடுக்கிறீர்கள் என்றால் சிரப் வேண்டாம். வீட்டுச் சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்றால், எவ்வளவு சேர்ப்பது என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

இனி எலும்பு

வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம். ஆணத்தில் வெந்தது, பொரித்தது, சுட்டது எதுவானாலும் சிராய் சிராயாகப் பிளந்து தொண்டையையும் குடலையும் குத்தும். ஆணத்தில் இருக்கும் வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பு இரத்த அணுக்களை அழிக்கக்கூடியவை. பெரிய மீன் தலையின் எலும்பும் இதே கணக்குத்தான்.

பச்சை எலும்பு என்றால் ஆபத்தே இல்லை என்று நினைப்பது அடுத்த தவறு. அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் பச்சை இறைச்சி உணவை ஊக்குவிக்க வேண்டாம் என்று 2012இல் கொள்கையாகவே எடுத்தது. உலகச் சிறுபிராணி வைத்தியர் சங்கத்தின் நிலைப்பாடும் அதுதான். எலும்பு மெல்லுவதால் பற்காறை குறையும், நாய்க்குப் பொழுதும் போகும் என்பது உண்மை. ஆனால் தரமான தீன் தின்னும் நாய்க்கு உணவு என்ற வகையில் எலும்பு தேவையில்லை. நான் மாதத்தில் ஓரிரு தடவை கொடுக்கிறேன், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு. அவ்வளவுதான்.

ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் மாட்டிறைச்சிக் கடைகளில் நாய்க்கென்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது தொடை எலும்பு. பெரிதாக இருக்கிறதே என்று சந்தோசப்படுகிறோம். ஒரு மாட்டின் பாரத்தைச் சுமந்த எலும்பு அது, நாயின் பல்லையே உடைக்கும் அளவுக்குக் கடினம். மேல் தாடையில் பக்கவாட்டில் இருக்கும் பெரிய கடைவாய்ப் பல் அதில் பாளம் பாளமாக உடையும். நாய் கத்தாது, ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லத் தொடங்கும். நாம் கவனிக்கும்போது பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கும். விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள்: கொஞ்சமும் பதியாவிட்டால் அது பல்லுக்கு ஆகாது. வளையமாக அறுத்துத் தரும் துண்டுகளையும் வாங்காதீர்கள். கீழ்த் தாடையில் மாட்டிக்கொண்டால் வைத்தியர் மயக்க மருந்து கொடுத்துத்தான் வெட்டி எடுக்க வேண்டிவரும்.

நெஞ்செலும்பில் குருத்தோடு சேர்ந்த பகுதியைக் கேளுங்கள். ஒரே வாயில் விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய துண்டாக இருக்கட்டும். பதினைந்து இருபது நிமிடம் மெல்லவிட்டு, ஒரு துண்டு இறைச்சியைக் காட்டி மாற்றி எடுத்துவிடுங்கள். மெல்லாமல் விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு எந்த எலும்பும் வேண்டாம். கொழுத்த நாய்க்கு மச்சை நிறைந்த எலும்பு கணைய அழற்சியைக் கொண்டுவரலாம். மலம் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து, நாய் முக்கினால் எலும்பு கூடிவிட்டது என்று அர்த்தம்.

நம் வளவுகள் மணல் முற்றங்கள், பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். பச்சை எலும்பில் வரும் சல்மொனெல்லா நாயைப் படுக்க வைக்காமலே அதன் மலத்தோடு வெளியேறும். பிரிட்ஜில் உறையவைத்தால் கிருமி தூங்குமே தவிர சாகாது, தேசிக்காய்ப் புளியும் அதைக் கொல்லாது. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ நோயாளியோ இருக்கும் வீட்டில் பச்சை எலும்பைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற வீடுகளிலும் சீமெந்துத் தரையில் கொடுத்து, கழுவி, மிஞ்சியதை அன்றே அகற்றுங்கள்.

எலும்போடு சேர்த்து ஈரலும் நுரையீரலும் இனாமாகத் தருவார்கள். அவற்றைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. மாடு, ஆடுகளின் இந்த உறுப்புகளில் எக்கினோகொக்கஸ் என்ற நாடாப்புழுவின் கட்டிகள் இருக்கலாம். அதைத் தின்ற நாய்க்கு ஒன்றும் தெரியாது. அதன் மலத்தில் வரும் முட்டை நம் வாய்க்குள் போனால், வருடக் கணக்காக நம் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாக வளரும். எலும்பை அவிக்கக்கூடாது, ஈரலை அவிக்காமல் கொடுக்கக்கூடாது. பிரசிகுவன்டெல் உள்ள பூச்சி மருந்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்று வைத்தியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு சிக்கியது போல் தெரிந்தால், அதாவது எச்சில் வழிந்தால், ஓங்காளித்தும் ஒன்றும் வராவிட்டால், வயிறு உப்பினால், சோற்று உருண்டையோ வாழைப்பழமோ கொடுத்துக் கீழே தள்ளப் பார்க்காதீர்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைப்பது அதைவிட மோசம், கீழே போகும்போது குத்தாத எலும்பு மேலே வரும்போது குத்தும். நேரே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எலும்பு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும். எந்த எலும்பு, வெந்ததா பச்சையா, எத்தனை மணிக்குத் தின்றது என்று சொல்லுங்கள். மிச்சத் துண்டு கிடந்தால் அதையும் ஒரு பைக்குள் போட்டு எடுத்துப் போங்கள்.