சில்லறை வணிகத்தை அந்நிய முதலீட்டுக்குத் திறப்பது: எதை முதலில் செய்வது?

வளரும் நாடொன்று தன் சில்லறை வணிகத்தை அந்நிய நேரடி முதலீட்டுக்குத் திறக்க முற்படும்போது, எத்தனை விழுக்காடு பங்கை அனுமதிப்பது என்ற கேள்வியே பெரும்பாலும் முதல் விவாதமாகிவிடுகிறது. அதற்கு முன்னர் முடிக்க வேண்டிய வேலைகள் பல உள்ளன.

முதலாவதாக, சரக்கு எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போகிறது, எங்கே வீணாகிறது, யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்பதைப் பொருள்வாரியாகத் தொகுக்க வேண்டும். உழவரிடம் நேரடியாகக் கொள்முதல் செய்யச் சட்டமே தடையாக இருந்தால், எவ்வளவு பெரிய நிறுவனம் வந்தாலும் அது பழைய இடைத்தரகரிடமே வாங்கும். விலையும் குறையாது, உழவருக்கும் கூடுதலாகக் கிடைக்காது. எனவே வேளாண் சந்தைச் சட்டத்தையும் கிடங்கு உரிம விதிகளையும் திருத்துவது முதலீட்டு அறிவிப்புக்கு முந்தைய பணி.

அடுத்து, துறையைப் பிரித்துப் படிப்படியாகத் திறக்கலாம். சீனா 1992-இல் ஆறு நகரங்களிலும் ஐந்து சிறப்புப் பொருளாதார மண்டலங்களிலும் கூட்டு முயற்சிகளை மட்டும் அனுமதித்துப் பார்த்தது. 2001-இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பின், 2004 இறுதியில்தான் பெரும்பாலான தடைகளை நீக்கியது. இந்தியா 1997-இல் கடைக்காரர்களுக்கும் நிறுவனங்களுக்கும் விற்கும் மொத்த வணிகத்தையும், 2006-இல் ஒற்றை பிராண்டு கடைகளையும், 2012-இல் பல பிராண்டு கடைகளையும் திறந்தது. இவ்வாறு பிரிக்கும்போது, மொத்த வணிகரின் வாடிக்கையாளர் யார் என்பதை வரிப் பதிவு அல்லது வணிக உரிமத்தைக் கொண்டு வரையறுக்காவிட்டால், மொத்தக் கடை என்ற பெயரில் சில்லறை விற்பனை நடக்கும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது நிபந்தனைகளை எழுதும் இடத்தில்தான். 2012 செப்டம்பரில் இந்தியா பல பிராண்டு வணிகத்தில் 51 விழுக்காடு பங்கை அனுமதித்தபோது, குறைந்தது 10 கோடி டாலர் முதலீடு, அதில் பாதி கிடங்கு, குளிர்பதனம் போன்ற பின்புலக் கட்டமைப்புக்கு, 30 விழுக்காடு கொள்முதல் சிறுதொழில்களிடமிருந்து, மாநில அரசின் இசைவு எனப் பல நிபந்தனைகளை விதித்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. சேர்ந்து நின்றபோது பெரும் நிறுவனங்களில் பிரிட்டனின் டெஸ்கோ மட்டுமே அவ்வழியில் ஒப்புதல் பெற்று வந்தது. சிறுதொழில் நிபந்தனையில் ஒரு விசித்திரமும் இருந்தது: ஆலையிலும் இயந்திரங்களிலும் செய்த முதலீடு 10 லட்சம் டாலரைத் தாண்டிய நாளிலிருந்து அந்தத் தொழில் கணக்கில் சேராது, அதாவது வளர்ந்த குற்றத்துக்காக அது வாடிக்கையாளரை இழக்க நேரும். 2013 ஆகஸ்டில் வரம்பு இருமடங்காக்கப்பட்டு, முதன்முதலில் ஒப்பந்தம் செய்யும்போதுள்ள நிலையே கணக்கில் கொள்ளப்படும் என்று திருத்தினார்கள். நிபந்தனைகள் குறைவாகவும், ஒரு தணிக்கையாளர் கணக்கேட்டைப் பார்த்தே சரிபார்க்கக் கூடியவையாகவும் இருப்பது நல்லது.

குறைந்தபட்ச மூலதன வரம்பை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. தாய்லாந்தின் 1999 சட்டம் மொத்தம் 10 கோடி பாட் (தாய்லாந்து நாணயம்) என்ற அளவுக்குக் குறைந்த மூலதனமுள்ள அந்நியச் சில்லறை வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளூர்க் கடைக்காரர் உண்மையில் அஞ்சுகிற பெருநிறுவனத்துக்கு இது ஒரு தடையே அல்ல. பேரங்காடி எங்கே அமையலாம் என்பதை நகரமைப்பு விதிகள் தீர்மானிக்கட்டும். வியட்நாம் 2009 முதல் முழு அந்நிய உரிமையை அனுமதித்தாலும், இரண்டாவது கடையிலிருந்து பொருளாதாரத் தேவைச் சோதனையை, அதாவது அந்த இடத்துக்கு இன்னொரு கடை தேவையா என்று அரசு ஆராய்வதை, வைத்தது. இத்தகைய சோதனையில் தளப்பரப்பு, மக்கள்தொகை போன்ற அளவுகோல்களை எழுதிவைக்காவிட்டால், அது அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட உரிமமாகிவிடும்.

போட்டிச் சட்டத்தில், சரக்கு வழங்குவோருக்குப் பணம் செலுத்தும் காலக்கெடுவும் பொருளை அலமாரியில் வைக்கக் கடை அவர்களிடம் வாங்கும் கட்டணங்கள் பற்றிய விதியும் இடம்பெற வேண்டும்.

பங்கு விழுக்காட்டை இதற்குப் பின் முடிவு செய்யலாம். உலக வர்த்தக அமைப்பின் சேவை வர்த்தகப் பொது ஒப்பந்தத்தில் உறுதியளிப்பது இறுதிப் படி. உள்நாட்டு விதியை அரசு தானே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒப்பந்தத்தின்கீழ் நாடு தரும் பட்டியலான அட்டவணையில் எழுதிய உறுதிமொழியை, அது நடைமுறைக்கு வந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே, பாதிக்கப்படும் நாடுகளுடன் இழப்பீடு பற்றிப் பேசி மாற்ற முடியும். எனவே உள்நாட்டில் சில ஆண்டுகள் நடத்திப் பார்த்து, நடைமுறையில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே அட்டவணையில் எழுத வேண்டும்.