பழுது பார்க்கும் நிரல் தானே விழாமல் இருக்க: எக்ஸ்ட்4 வட்டைச் சந்தேகத்தோடு படிப்பது எப்படி?

எக்ஸ்ட்4 என்பது லினக்ஸ் வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை. கெட்டுப்போன வட்டைச் சரிசெய்ய வரும் நிரல், அந்த வட்டிலிருக்கும் எண்களை வைத்துத்தான் வேலையைத் தொடங்குகிறது. அது பெரும்பாலும் ரூட் உரிமையோடு (கணினியின் முழு அதிகாரத்தோடு) ஓடும் என்பதால் ஆபத்தும் அதிகம். சிவிஇ-2022-1304 என்று பதிவான பாதுகாப்புக் குறை இந்த வகைதான்: கோப்பின் தரவு வட்டில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எக்ஸ்டென்ட் மரத்தின் இலையில் ஒரு பதிவுகூட இல்லாவிட்டால், எக்ஸ்ட்4ஐப் பழுது பார்க்கும் கருவித்தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.46.5 நினைவகத்தின் எல்லை தாண்டிப் படித்தது, எழுதவும் செய்தது.

சி மொழியில் சிறிய சோதிப்பான் எழுதுவோர் இப்படித் தொடங்கலாம்.

1. சோதனை இமேஜ்

64 எம்பி காலிக் கோப்பை 4096 பைட் பிளாக்கோடு எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். மெட்டாடேட்டா செக்சம் (வட்டின் அமைப்புத் தகவல் மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கெடுத்ததைச் செக்சமே பிடித்துவிடும், மற்ற சோதனைகள் ஓடாது. அப்படியானால் செக்சமே போதாதா? போதாது. அதில் ரகசியச் சாவி ஏதுமில்லை. வேண்டுமென்றே கெடுப்பவர் அதையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிடுவார்.

2. சூப்பர்பிளாக்

வட்டின் அடிப்படை அளவுகளைச் சொல்லும் இந்தப் பகுதி 1024ஆம் பைட்டில் தொடங்கும். எண்கள் லிட்டில் எண்டியன் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில்). அதற்குள் 56ஆம் இடத்தில் அடையாள எண் 61267 இருக்க வேண்டும். 24ஆம் இடத்து எண் 0 முதல் 6 வரை மட்டுமே. 1024ஐ அத்தனை பிட் இடப்பக்கம் நகர்த்தினால் பிளாக் அளவு. அங்கே 40 இருந்தால் சியில் விளைவு என்னவென்று சொல்லவே முடியாது. 32ஆம் இடத்தில் ஒரு குழுவின் பிளாக் எண்ணிக்கை: 0 என்றால் வகுத்தலில் நிரல் விழும். 4096 பைட் பிளாக்குக்கு மேல்வரம்பு 32768, ஏனென்றால் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பிட் வைத்திருக்கும் பிட்மேப் ஒரே பிளாக்கில் அடங்க வேண்டும்.

3. டைரக்டரி பதிவுகள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு பதிவின் தலைப்பும் 8 பைட்: ஐனோட் எண் (கோப்பை அடையாளம் காட்டும் எண்) 4, பதிவின் நீளம் 2, பெயரின் நீளம் 1, வகை 1. அடுத்த பதிவுக்குப் போக, பதிவின் நீளத்தைக் கூட்டுகிறோம். அது 0 என்றால் நின்ற இடத்திலேயே முடிவில்லாமல் சுற்றுவோம்.

தலைப்பைத் தொடும் முன்பே பிளாக்கில் 8 பைட் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, நீளம் 4இன் மடங்கா, பெயர் நீளம் கூட்டல் 8க்குக் குறையாமல் இருக்கிறதா, மிச்சத்தை மீறாமல் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கூட்டிப் பார்க்காமல் கழித்துப் பாருங்கள். 16 பிட் மாறியில் கூட்டினால் எண் வழிந்து சின்னதாகிவிடும், சோதனையும் ஏமாந்துபோகும். (64 கேபி பிளாக்கில் மட்டும் நீளம் 0 அல்லது 65535 என்பது முழு பிளாக்கைக் குறிக்கும், அதைத் தனியாகக் கையாளுங்கள்.)

தவறு தெரிந்தால் வெளியேறிவிடாதீர்கள், சரிசெய்வதுதானே வேலை. மிச்சமுள்ள பகுதியை ஐனோட் 0 கொண்ட ஒரே காலிப் பதிவாக்குங்கள். 8 பைட்டுக்கும் குறைவாக மிஞ்சினால் முந்தைய பதிவோடு சேர்த்துவிடுங்கள்.

4. கெடுத்துப் பாருங்கள்

இமேஜின் நகலில் 1056ஆம் பைட்டிலிருந்து நான்கு பைட்டை 0 ஆக்குங்கள். அடுத்த நகலில், ரூட் டைரக்டரியின் (ஐனோட் 2) முதல் பிளாக்கில் 4ஆம் பைட்டிலிருந்து இரண்டை. பிளாக் எண்ணை டிபக்எஃப்எஸ் (இ2எஃப்எஸ்ப்ராக்ஸில் உள்ள கருவி) சொல்லும். பைட்டுகளை நகலெடுக்கும் டிடி கட்டளை கொண்டு எழுதும்போது நோட்ரங்க் தேர்வை மறந்தால் இமேஜ் அந்த இடத்தோடு வெட்டுப்பட்டுவிடும்.

நிரலை அட்ரஸ் சானிட்டைசரோடு கம்பைல் செய்து, சாதாரணப் பயனராக, 10 நொடி நேர வரம்போடு ஓட்டுங்கள். எல்லை மீறலைச் சானிட்டைசர் காட்டும். முடிவில்லாச் சுற்றை நேர வரம்புதான் பிடிக்கும்.