மரவள்ளித் திப்பியில் புரதம் கூட்ட ஈஸ்ட்

சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பியை மாட்டுக்குத் தீவனமாகப் போடுகிறார்கள்; ஆனால் அதில் மாவுச்சத்துதான் அதிகம்; புரதம் சுமார் 2 சதவீதமே. ஈஸ்ட்டின் உலர் எடையிலோ ஏறத்தாழ பாதி புரதம்.

50 கிராம் பேக்கரி ஈஸ்ட்டை வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீரில் கரையுங்கள். நுரைத்ததும், 100 கிராம் யூரியாவை நன்றாகக் கரைத்த நீரோடு 10 கிலோ காய்ந்த திப்பியில் பிசிறுங்கள். பிடித்தால் உருண்டை நிற்கணும், நீர் சொட்டக் கூடாது. வெல்லத்தை விட்டுவிடாதீர்கள், இந்த ஈஸ்ட்டால் மாவுச்சத்தை நேரடியாகத் தின்ன முடியாது. துணியால் மூடி 3 நாள் வையுங்கள். தினம் இருமுறை கிளறுங்கள், காற்று பட்டால்தான் ஈஸ்ட் பெருகும். பூஞ்சை தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

யூரியா இருப்பதால் கன்றுக்கும் கோழிக்கும் வேண்டவே வேண்டாம். வளர்ந்த மாட்டுக்கும் அரை கிலோவில் தொடங்குங்கள்.