புற்றுநோய் செல் லைன் எந்தத் திசுவிலிருந்து வந்தது? சரிபார்க்கும் முறை

எம்டிஏ-எம்பி-435 என்ற செல் லைனை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்களை) மார்பகப் புற்றுநோய் என்று நம்பி எத்தனையோ ஆய்வுகள் நடந்தன. 2000-இல் 60 செல் லைன்களின் மரபணு வெளிப்பாட்டை ஒப்பிட்டபோது அது மெலனோமாக்களோடு (நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய்) போய்ச் சேர்ந்தது. பின்னால் பார்த்தால், எம்14 என்ற மெலனோமா லைனும் அதுவும் ஒன்றே. குடுவையில் எழுதியிருக்கும் பெயரை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

முதலில் செல் லைன்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் செல்லோசாரஸ் தரவுத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். சிக்கலுள்ள லைன் என்றால் அங்கேயே எச்சரிக்கை இருக்கும். குரல்வளையிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட ஹெப்-2, கல்லீரல் என்று விற்கப்பட்ட சாங் லிவர், இரண்டுமே கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்கள்தான். ஐந்து நிமிட வேலை, மாதக்கணக்கான உழைப்பைக் காப்பாற்றும்.

அடுத்து எஸ்டிஆர் சோதனை, அதாவது டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை வைத்து ஆளை அடையாளம் காணும் சோதனை. டிஎன்ஏவைப் பிரித்து அனுப்பினால் போதும். தரவுத்தளத்தில் உள்ள விவரத்தோடு 80 சதவீதமோ அதற்கு மேலோ பொருந்தினால், பொதுவாக ஒரே நபரின் செல்கள் என்று கொள்வார்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். எஸ்டிஆர் சொல்வது 'யாருடைய செல்' என்பதை மட்டுமே. 'எந்தத் திசு' என்பதை அல்ல. ஒருவரின் தோலுக்கும் குடலுக்கும் எஸ்டிஆர் ஒன்றுதான். ஆரம்பத்திலேயே தவறான பெயர் ஒட்டப்பட்ட லைனாக இருந்தால், சோதனை அந்தத் தவறான பெயரையே உறுதிப்படுத்தும்.

அதனால் மூன்றாவது வேலை, திசுவின் அடையாளப் புரதங்களைப் பார்ப்பது. ஆர்என்ஏ வரிசைத் தரவு இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆன்டிபாடி சாயமேற்றல் (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியால் அதைக் காட்டுவது). கெரட்டின் இருந்தால் எபிதீலியம் (உறுப்புகளை மூடும் செல் அடுக்கு), சிடி45 இருந்தால் ரத்தம் என்று முதலில் பிரியுங்கள். இணைப்புத் திசுவின் அடையாளமாகக் கருதப்படும் விமென்டினை நம்ப வேண்டாம், வளர்ப்பில் பல செல்களில் அது தானாகவே கூடும். அப்புறம் குறிப்பான அடையாளங்கள்: குடலுக்கு சிடிஎக்ஸ்2, நுரையீரலுக்கும் தைராய்டுக்கும் டிடிஎஃப்-1, மெலனோமாவுக்கு எஸ்ஓஎக்ஸ்10, மெலன்-ஏ. எஸ்ஓஎக்ஸ்10 சில மார்பகப் புற்றுகளிலும் தெரியும். மெலன்-ஏயும் சேர்ந்து வந்தால்தான் மெலனோமா பக்கம் சாய முடியும். ஒரே அடையாளத்தை வைத்து முடிவு எடுக்கவே கூடாது. வளர்ப்பில் அடையாளங்கள் மங்குவதால், ஒன்று தெரியவில்லை என்பது பலவீனமான சான்றுதான். திசு நன்கு தெரிந்த ஒரு லைனையும், அந்த அடையாளம் இல்லாத இன்னொன்றையும் கூடவே சோதியுங்கள்.

மரபணு மாற்றங்கள் துணைச் சான்று. பிராஃப் மரபணுவின் வி600இ மாற்றம் மெலனோமாவில் அதிகம், ஆனால் தைராய்டு, பெருங்குடல் புற்றுகளிலும் உண்டு.

சரி, இதையெல்லாம் எப்போது செய்வது? லைன் கைக்கு வந்ததும், உறைய வைத்துச் சேமிக்கும் முன், கட்டுரையை அனுப்பும் முன் மறுபடியும்.