ஹாலோவீன் விருந்துக்குப் பூசணியும் புகையும்

அமெரிக்காவில் எங்கள் வீட்டில் வருடா வருடம் அக்டோபர் 31 அன்று, பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் நாளுக்கு, மாறுவேட விருந்து உண்டு. அலங்காரத்துக்குப் பூசணியைக் குடைந்து முகம் செதுக்குவோம்; அதை முன்கூட்டியே செதுக்கிவிடாதீர்கள். சில நாளில் உள்ளே பூஞ்சை பிடித்து, முகம் தொங்கிப்போகும். அக்டோபர் 29-க்கு மேல் செதுக்கினால் போதும். பூசணிக்குள் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம், பேட்டரி விளக்கு வையுங்கள். சூனியக்காரி அங்கி தரையில் புரளும், சட்டென்று தீப்பிடிக்கும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அப்புறம், பழரசத்தில் புகை வர டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயுக் கட்டி, போடுவார்கள். அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். துண்டு வாய்க்குள் போனால் அந்தக் குளிரிலேயே வாய் வெந்துவிடும். பெரிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, கையுறையோடு டிரை ஐஸைப் போட்டு, நடுவில் பழரசக் கிண்ணத்தை வையுங்கள். வெள்ளைப் புகை மேசை விளிம்பு வரை வழியும். அந்த வாயு அறையில் தேங்காமல் இருக்க ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும்.