கீழே அனுப்பிவிட்டார்களா? பையை வாசலில் வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு தந்தை தொலைபேசியில் அழைத்தார். ஐஸ் ஹாக்கி ஆடும் இருபது வயது மகனை, வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்எச்எல்லின் அணி ஒன்று ஏஎச்எல்லுக்கு, அதாவது ஒரு படி கீழே உள்ள லீக்குக்கு, அனுப்பிவிட்டது. குடும்பமே கொதித்துப்போயிருந்தது. "வேறு அணிக்கு மாற்றும்வரை வீட்டிலேயே இருந்துவிடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த பிறகுதான் பதில் சொன்னேன். இதே யோசனையைப் பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பையனுக்குச் சொன்னவன் நான்.

டொரண்டோவில் இளம் ஐஸ் ஹாக்கி வீரர்களின் குடும்பங்களுக்கு ஒப்பந்த ஆலோசனை சொல்வது என் பிழைப்பு. உழைக்க வேண்டும், பணிவு வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கிறார். கெட்டிக்காரக் குடும்பங்களும் நன்றாக யோசித்துச் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

கீழே அனுப்பியதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

அணி ஒரு வீரனைக் கீழே அனுப்பப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பாதி அவனுடைய ஆட்டத்தோடு தொடர்பில்லாதவை. பொதுவாக ஒரு வீரனை ஏஎச்எல்லுக்கு அனுப்புமுன் 'வெய்வர்' என்ற பட்டியலில் போட வேண்டும். அங்கே வேறெந்த அணியும் அவனை அள்ளிக்கொண்டு போகலாம். புதியவர்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. 18 வயதில் ஒப்பந்தம் போட்டவனுக்கு 160 என்எச்எல் ஆட்டங்கள் அல்லது குறிப்பிட்ட ஆண்டுகள், இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரை விலக்கு. ஆகவே ஓர் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தால் முப்பது வயதுக்காரரை வெய்வரில் போட்டு இழப்பதைவிட இருபது வயதுக்காரனை பஸ் ஏற்றுவது அணிக்குச் சுலபம். அவனை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. முன்பெல்லாம் சில வீரர்களைக் காகிதத்தில் மட்டும் கீழே அனுப்பி மறுநாளே திரும்ப அழைப்பதும் நடந்தது. சம்பள உச்சவரம்புக் கணக்கில் சில்லறை மிச்சம் பிடிக்கும் வேலை அது.

ஆட்டவா அணி 2001 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில், ஜேசன் ஸ்பெட்ஸாவை இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவரும் ஏஎச்எல் அணியான பிங்காம்டனுக்குப் போய் ஆடினார். என்எச்எல் முழுவதும் கதவடைத்த 2004-05 பருவத்தில் அங்கேயே 117 புள்ளிகள் (கோல்களும், கோலுக்கு உதவிய அசிஸ்ட்களும் சேர்த்து) எடுத்து ஏஎச்எல்லில் முதலிடம் பிடித்தார். பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட என்எச்எல் ஆட்டங்கள் ஆடினார். பிங்காம்டனுக்குப் போனதை யாரும் இப்போது அவமானமாக நினைவு வைத்திருக்கவில்லை.

சம்பளப் பக்கத்தைப் படிக்காமல் கோபப்படுவது

முதல் ஒப்பந்தத்துக்கு இரண்டு சம்பளம். பத்தாண்டுகளுக்கு முன் மேலே இருந்தால் ஆண்டுக்கு உச்சம் 9,25,000 டாலர், கீழே இருந்தால் உச்சம் 70,000. நாள் கணக்கில் மேலே ஏறத்தாழ 5,000, கீழே 400கூடத் தேறாது. கோபத்துக்கு இது நியாயமான காரணம்தான். ஆனால் பல வீடுகளில் இந்தப் பக்கத்தை முதல்முறையாகப் புரட்டுவதே பையனைக் கீழே அனுப்பிய அன்று இரவில்தான்.

ஆடாமல் வீட்டில் உட்கார்வது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

கீழே அனுப்பியதும், பையனை வேறு அணிக்கு மாற்றும்படி ஏஜென்ட் கேட்கிறார். அணி, பார்க்கலாம் என்கிறது. அப்போது யாரோ ஒரு புத்திசாலி சொல்கிறார்: "இடையில் ஆடிக் காயம்பட்டால் மாற்றமே கெட்டுவிடும். பேசாமல் இரு." கேட்பதற்கு எவ்வளவு விவரமாக இருக்கிறது! நான் சொன்னபோதும் அப்படித்தான் இருந்தது.

இந்த யோசனைக்குச் சான்றாக எல்லோரும் ஜொனாத்தன் ட்ருவான் கதையைச் சொல்வார்கள். அடம்பிடித்தார், ஜெயித்தார் என்று முடிப்பார்கள். முழுக்கத் தலைகீழான பாடம்.

நடந்தது இது. 2013 டிராஃப்டில் டாம்பா பே லைட்னிங் மூன்றாவதாக எடுத்த வீரர் ட்ருவான். அந்த ஆண்டு முதலாவதாகப் போனவர், ஹாலிஃபாக்ஸ் மூஸ்ஹெட்ஸ் ஜூனியர் அணியில் அவரோடு ஆடிய நேதன் மெக்கினன். மெக்கினன் நேராக என்எச்எல்லில் இறங்கினார். ட்ருவானை இன்னும் ஓர் ஆண்டு ஜூனியருக்கே திருப்பி அனுப்பினார்கள். 2014-15இல் என்எச்எல்லில் 70 ஆட்டங்களில் 4 கோல், 28 அசிஸ்ட். அந்த ஆண்டு அணி, என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையின் இறுதிவரை போனது. கோப்பைக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃபில் அவருக்குக் கிடைத்தது ஆறே ஆட்டங்கள். மனம் கசந்ததில் வியப்பில்லை. 2015 நவம்பரில் ஏஜென்ட் ஆலன் வால்ஷ் வழியாக மாற்றம் கேட்டார்.

2016 ஜனவரி 2 அன்று டாம்பாவின் ஏஎச்எல் அணியான சிரக்யூஸ் கிரஞ்சுக்கு அனுப்பினார்கள். அப்போது அவர் ஆடியிருந்த மொத்த என்எச்எல் ஆட்டங்கள் 89. வெய்வர் தேவையில்லை. மறுநாளே வால்ஷ், மாற்றம் கேட்ட விஷயத்தை ஊரறியச் சொன்னார். சிரக்யூஸில் ஏழு ஆட்டங்கள் ஆடினார் ட்ருவான். ஜனவரி 20 அன்று டொரண்டோ மார்லீஸுடன் ஆட்டம். அவர் வரவில்லை. மாற்றம் நடக்கவிருக்கும் நேரத்தில் காயம்படக் கூடாது என்பது காரணம். டாம்பாவின் பொது மேலாளர் ஸ்டீவ் ஐசர்மன் காலவரையின்றி, சம்பளமின்றி இடைநீக்கம் செய்தார்.

பிப்ரவரி 29, மாற்றங்களுக்கான கடைசி நாள், வந்தது, போனது. யாரும் ஐசர்மன் கேட்ட விலையைக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க வேண்டும்? வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு விலை ஏறுமா?

மார்ச்சில் சிரக்யூஸுக்குத் திரும்பினார். அடுத்த பத்து ஆட்டங்களில் ஒன்பது கோல். ஏப்ரலில் டாம்பா வீரர் ஸ்டீவன் ஸ்டாம்கோஸுக்கு இரத்தக் கட்டி என்று தெரிந்து அவர் விலக, மேலிருந்து ட்ருவானுக்கு அழைப்பு வந்தது. பிளேஆஃபில் 17 ஆட்டங்களில் 14 புள்ளிகள். அடுத்த பருவத்தில் 21 கோலோடு 53 புள்ளிகள். 2017 ஜூனில்தான் மான்ட்ரியலுக்குப் போனார், ஆறு ஆண்டுக்கு 3.3 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு. டாம்பாவுக்கு ஈடாகக் கிடைத்தவர் மிகயில் செர்கச்சேவ். அவர் பின்னால் அங்கே இரண்டு கோப்பைகள் வென்றார். ஐசர்மன் அவசரப்படாததற்குக் கிடைத்த கூலி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்திருந்த ஆறேழு வாரங்களில் கிடைத்தது பூஜ்யம். ஆடிய பத்து ஆட்டங்களில் எல்லாம் திரும்ப வந்தது. ஆனாலும் இன்றைய பையன்கள் நினைவு வைத்திருப்பது உட்கார்ந்ததை மட்டும்தான்.

காயம் என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அணிக்காக ஆடும்போது காயம்பட்டால் சம்பளம் வரும். இடைநீக்கத்தில் இருக்கும்போது வீட்டுப் படிக்கட்டில் சறுக்கினால் ஒரு காசு வராது. முதல் ஒப்பந்தம் முடிந்தாலும், அணி விரும்பினால் உரிமை பழைய அணியிடமே இருக்கும். எனவே காத்திருப்பதால் அணிக்கு நட்டமில்லை. மேலாளர் இணங்கினால் அந்த லாக்கர் அறையில் உள்ள மற்றவர்களும் நாளை அதையே செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். பையன் கையில் உள்ள ஒரே சரக்கு அவனுடைய ஆட்டம். அதைப் பூட்டி வைத்துவிட்டு விலை பேசுகிறான்.

இனி என் கதை. பையனின் பெயர் வேண்டாம், அணியின் பெயரும் வேண்டாம். இரண்டாம் சுற்றில் தேர்வானவன், வேகமான இடதுபுற விங்கர். டிசம்பரில் கீழே அனுப்பினார்கள். "பத்து நாள் பொறு, நான் முடித்துவிடுகிறேன்" என்றேன். அவன் பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டான். பத்து நாள் இருபத்துமூன்று நாளாயிற்று.

அந்த வீட்டுக்கு மூன்றாவது வாரம் போனேன். ஹாக்கிப் பை வாசல் கதவுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவனுடைய அம்மா துணிக்கூடையோடு அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தார். ஹாக்கிப் பை என்றால் நாற வேண்டும். வியர்வையில் ஊறிய கையுறை, காயாத முழங்கால் கவசம், எல்லாம் சேர்ந்து காருக்குள் வைத்தால் கண்ணாடியைத் திறக்க வைக்கும். அந்தப் பை நாறவில்லை. ஸ்டிக்கில் சுற்றிய டேப் வெள்ளை வெளேரென்று இருந்தது. பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டு ஒருமுறைகூட அதில் கறுப்புத் தீற்றவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அன்று மாலை ஆறு அணிகளுக்குப் பேசினேன். ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார்: "கடைசியாக எப்போது ஆடினான்?" நான் பேச்சை மாற்றினேன். அவரும் மாற்றிக்கொண்டார்.

இதற்கிடையில் அவன் விட்டுப்போன பவர்பிளே (எதிரணி ஆள் குறைவாக ஆடும் நேரம்) இடத்தில், எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத ஒரு பையனை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் மேலிருந்து அழைப்பு வந்தபோது போனவன் அந்தப் பையன். நம்மவன் திரும்பி வந்து மூன்றாவது வரிசையில், ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் ஆடினான். ஒப்பந்தம் முடிந்ததும் யாரும் கேட்கவில்லை. ஜெர்மனியில் இரண்டாம் டிவிஷனில் சில ஆண்டுகள் ஆடிவிட்டு நிறுத்திக்கொண்டான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அனுப்புகிறான். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

ட்ருவான் மூன்றாவது தேர்வு. திரும்பி வந்தாலும் அவருக்கு இடம் இருந்தது. எல்லோருக்கும் அந்தச் சலுகை கிடைக்காது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் 2018இல் ஒன்பதாவதாக எடுத்த விட்டாலி க்ராவ்த்சோவ் 2021 அக்டோபரில் அவர்களுடைய ஏஎச்எல் அணியான ஹார்ட்ஃபோர்டுக்குப் போக மறுத்தார். இடைநீக்கம், பிறகு ரஷ்யா, பிறகு மீண்டும் ரேஞ்சர்ஸ். 2023 பிப்ரவரியில் வான்கூவருக்கு மாற்றியபோது ஈடாகக் கிடைத்தது இன்னொரு வீரரும் ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வும். டிராஃப்டில் ஏழாம் சுற்றுதான் கடைசிச் சுற்று.

மாற்றம் கேட்டதை வெளியே சொல்வது

கேட்பது உரிமை. நவம்பரில் கேட்டதை நவம்பரிலேயே வைத்திருக்க வேண்டும். கீழே அனுப்பிய மறுநாள் பத்திரிகைக்குச் சொன்னால், பழைய கோரிக்கையாக இருந்தாலும் படிப்பவர் கண்ணுக்கு அது அழுகையாகத்தான் தெரியும். வாங்க வரும் அணிகளும் விற்பவருக்கு வேறு வழியில்லை என்று எண்ணி விலையைக் குறைக்கும். விற்பவர் குறைந்த விலைக்கு விற்க மாட்டார். மாட்டிக்கொள்பவன் நடுவில் இருக்கும் பையன்.

தூங்கிவிடுவது

2015இல் என்எச்எல் அணியான ஐலாண்டர்ஸின் பயிற்சி முகாமின் முதல் நாள் காலை இளம் வீரர் ஜாஷ் ஹோ-சாங் தாமதமாக எழுந்தார். ஜூனியருக்குத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு அலாரம் வையுங்கள்.

கீழே உள்ள பயிற்சியாளரைச் சிறை அதிகாரியாக நினைப்பது

யாரை மேலே அழைக்கலாம் என்று மேலாளர் முதலில் கேட்பது அவரிடம்தான்.

அப்பா பயிற்சியாளருக்குப் போன் செய்வது

கூடாது. போன மாதம் அழைத்த அந்தத் தந்தையிடமும் கடைசியாக இதைத்தான் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. முந்தைய நாளே இரண்டு முறை அழைத்துவிட்டாராம்.