பாறை ஏற ஆசையா? முதலில் இறங்கப் பழகுங்கள்

1886 ஜூன் மாதக் கடைசியில், இங்கிலாந்தின் கிரேட் கேபிள் மலைச்சரிவில் ஊசிபோல நிற்கும் 'நேப்ஸ் நீடில்' பாறையில் வால்டர் ஹாஸ்கெட் ஸ்மித் தன்னந்தனியாக ஏறினார். கயிறு கிடையாது. உச்சி தட்டையா, கூரா என்று அறிய மேலே கற்களை வீசினார். ஒரு கல் அங்கேயே தங்கியது. ஏறி, கைக்குட்டையை உச்சியில் செருகிவிட்டு இறங்கினார். பனிமலைக்கான ஒத்திகையாக இருந்த பாறையேற்றம் பிரிட்டனில் தனி விளையாட்டானது இங்கிருந்துதான் என்பார்கள்.

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது அந்த இறக்கம். புதியவர்கள் பாதியில் நடுங்கி நிற்பது பெரும்பாலும் இறங்கத் தெரியாததால்தான்.

பெங்களூரில் இருப்பவர்கள் கண்டீரவா ஸ்டேடியத்தின் செயற்கைச் சுவரில் தொடங்கலாம். பயிற்சியாளர் இல்லாமல் வேண்டாம்.

படி 1: கால். தென்னை ஏறுபவரைக் கவனித்திருப்பீர்கள். உடலை உந்துவது கால்தான், கை பிடித்துக்கொள்ள மட்டுமே. ஷூவின் பெருவிரல் முனையைச் சுவரில் பதித்த பிடியில் வைத்து எழும்புங்கள். முழங்கையை மடக்கியே தொங்கினால் ஐந்தே நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். கையை நீட்டி வையுங்கள்.

படி 2: இறக்கம். ஆறடி ஏறுங்கள், அதே பிடிகளில் இறங்குங்கள். இடுப்பைச் சுவரிலிருந்து சற்று விலக்கினால் அடுத்த கால்பிடி தெரியும். கண்ணால் பார்த்து, காலை வைத்து, பிறகு எடையை மாற்றுங்கள். குதிக்காதீர்கள். இதிலேயே இரண்டு வாரம் போனாலும் நல்லதுதான்.

படி 3: கயிறு. கயிற்றை இடுப்புப் பட்டையில் கட்டும் '8' வடிவ முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறுபவரின் முடிச்சையும், கீழே கயிறு பிடிப்பவர் கயிற்றை நிறுத்தப் பயன்படுத்தும் கருவியையும் இருவரும் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். பத்தாண்டு அனுபவம் இருந்தாலும்தான்.

படி 4: நிஜப் பாறை. கனகபுரா சாலைப் பக்கம் துரஹள்ளியில் கயிறில்லாமல் ஏறும் குட்டைப் பாறைகள் உண்டு. கீழே மெத்தை விரித்து, விழுந்தால் தாங்கி மெத்தைக்குத் திருப்பிவிட ஒருவரை நிறுத்துங்கள். எந்தப் பக்கமாக இறங்குவது என்று பார்த்த பிறகே ஏறுங்கள். அடுத்தது ராமநகரத்தின் கருங்கல் குன்றுகள். அங்கே ராமதேவர பெட்டா பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம்; அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வட கர்நாடகத்தில் உள்ள பாதாமியின் செம்மணற்கல் இன்னும் அழகு. சாளுக்கியர் குடைவரைகளின் மேல் கைகூட வைக்கக் கூடாது. மழை பெய்திருந்தால் பாறை நன்றாகக் காயும்வரை காத்திருங்கள். ஈர மணற்கல்லில் பிடி உடைந்து கையோடு வந்துவிடும்.